மூடினால் பாடாத கிடார்

எங்கள் வீட்டில் இருக்கும் எலெக்ட்ரிக் கிடார் என் மனைவியுடையது. அடர்சிவப்பு நிறம், ஓரத்தில் பெயிண்ட் உதிர்ந்திருக்கும். கோயமுத்தூரில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது அவள் யாரிடமோ பழையதாக வாங்கியது. கல்யாணமாகி தேவாலாவுக்கு வந்த நாளில் இரண்டு சூட்கேசோடு அதுவும் பஸ்ஸில் வந்து இறங்கியது.

அவள் இங்கே ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடல் குழுவுக்கு வாசிப்பாள். நான் எஸ்டேட் ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் முருகன் படம்தான். கல்யாணத்தின்போது இரண்டு பக்கத்திலும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. ஞாயிறு காலை அவளை பைக்கில் கொண்டுபோய் விடுவேன், உள்ளே போகமாட்டேன். வரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. வாங்க என்று அவளும் கூப்பிட்டதில்லை. எதிரே இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை பேப்பர் படிப்பேன்.

டீக்கடைக்குப் பாட்டு நன்றாகக் கேட்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிடாரின் இரைச்சலும் கேட்கும். ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று நிற்காமல் ஒரு சத்தம். ஒரு ஞாயிறு பக்கத்து பெஞ்சில் இருந்த ஒருவர், "உள்ள குளவிக் கூடு வெச்சிருக்காங்க போல" என்றார். கூட இருந்தவர் சிரித்தார். வாசிப்பது என் மனைவி என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீடு திரும்பும்வரை அது மனதில் குடைந்துகொண்டே இருந்தது. ஃபேக்டரியில் ஒரு மோட்டார் அப்படி முனகினால் அதை அவிழ்க்காமல் நான் சாப்பிடப் போகமாட்டேன். என் வீட்டுப் பொருளே அப்படி முனகுகிறதே என்று இருந்தது.

ஐப்பசி மாதத்தில் அவளுக்கு ஊட்டியில் இரண்டு நாள் பயிற்சி வந்தது. வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினாள். அன்று நான் லீவு போட்டுவிட்டு கிடாரை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் கிடத்தினேன். அவளிடம் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன்.

தந்திகளைக் கழற்றி, முன்பக்கத்து வெள்ளைத் தகட்டின் பதினொரு திருகுகளையும் எடுத்தால், எல்லாமே அந்தத் தகட்டின் பின்புறம் தொங்கிக்கொண்டு வந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் மூன்று இருந்தன. எனக்கு அது புதிதில்லை. காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு இது என்ன பெரிய வேலை. பழைய வயர்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புது வயர் போட்டேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கண்ட்ரோலைப் புதிதாகப் போட்டேன். கேபிள் செருகும் ஜாக்கும் புதிது. கிடாரின் மரக்குழி முழுவதும், இரைச்சலைத் தடுக்கும் என்று படித்து, ஒட்டும் செம்பு நாடாவை ஒரு இண்டு விடாமல் ஒட்டினேன். சனிக்கிழமை மதியம் தந்தி மாட்டித் துடைத்து வைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் நனைந்துகொண்டு வந்தாள். துண்டால் தலையைத் துவட்டும்போதே மேசையைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பண்ணீங்க?"

"போட்டுப் பாரு."

வீட்டில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேபிளைச் செருகினாள். சத்தத்தைக் கூட்டினாள். ஒரு இரைச்சலும் இல்லை. "பாத்தியா, அத்தனையும் போயிருச்சு" என்றேன். அவள் தந்திகளை மீட்டினாள். கம்பியின் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. இன்னும் கூட்டி மீட்டினாள். இரைச்சலோடு பாட்டும் சேர்ந்து போயிருந்தது.

ஸ்பீக்கர் சரியாக இருந்தது. கேபிளின் முனையை விரலால் தொட்டால் உறுமியது. கிடாரை மறுபடியும் திறந்தேன். தகட்டைத் துண்டின்மேல் கவிழ்த்து வைத்து, ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பைத் தட்டினால் 'டக் டக்' என்று ஸ்பீக்கரில் கேட்டது. வயரை ஈயம் வைத்து ஒட்டிய ஒரு சால்டர் இணைப்பு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. அதைச் சூடுபடுத்தி மறுபடி ஈயம் வைத்து மூடினேன். தந்தி மாட்டி மீட்டினால் ஊமை. திறந்தால் 'டக் டக்'. மூடினால் ஒன்றுமில்லை.

"நானும் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

"நீ விடு. இது எலெக்ட்ரிகல் வேலை" என்றேன்.

அந்த ஞாயிறு அவள் கிடார் இல்லாமல் போனாள். கீபோர்டை மட்டும் வைத்துப் பாடினார்கள். டீக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சுத்தமான அமைதி. அதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. சர்ச்சுக்குக் காய்கறியும் பழமும் கொண்டுவந்து படைக்கிற நாள், பாட்டு நிறைய இருக்கும்.

வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் அதை எடுத்து உட்கார்ந்தேன். என் தொழிலில் ஒன்று ஓடவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் அறுந்த இடத்தையே தேடினேன். ஒவ்வொரு வயரையும் மீட்டரில் பார்த்தேன். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. அவள் நோட்டு திருத்திக்கொண்டு எதிரில் இருப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் கேட்டிருந்தால் கோபப்பட்டிருப்பேன். கேட்காததும் கோபமாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை என் எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல், வெட்டி எடுத்த பழைய வயர்களைக் கையில் தூக்கிக் காட்டினேன். "இதப் பாரு. எவனோ ஈயம் வைக்கவே தெரியாதவன் பண்ண வேலை. ஒவ்வொண்ணும் உருண்டை உருண்டையா நிக்குது. இத்தனை நாள் இது பாடுனதே பெருசு."

அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"அது நான் பண்ணதுங்க."

கையிலிருந்த வயரைத் திருப்பிப் பார்த்தேன்.

"வாங்கும்போது அது பாடாதுங்க. அதனாலதான் எனக்குக் கிடைச்சுது. ஹாஸ்டல்ல நானும் ரூம்மேட்டும் ஃபோன்ல வீடியோ பாத்துப் பாத்துப் பண்ணோம். ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கிட்டேன். மூணு வாரம் ஆச்சு. அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் ஓடுச்சு."

நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இது எனக்குத் தெரியாது. அந்தக் கிடாரைப் பற்றி நான் எதுவும் கேட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த வயர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் மெதுவாக வைத்தேன்.

"இரைச்சல் போடுதுன்னு உங்ககிட்ட நான் சொன்னனுங்களா?"

"இல்ல. டீக்கடையில ஒருத்தர் சொல்லிச் சிரிச்சார்." குளவிக் கூடு விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அது எனக்கு நல்லாத் தெரியுங்க. கிடார் திரும்புற திசையைப் பொறுத்து இரைச்சல் மாறும், ஜன்னலைப் பாத்து நின்னா பாதி கொறைஞ்சிரும். நான் எதுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்னு வாசிக்கறேன்னு நினைச்சீங்க?"

டீக்கடையிலிருந்து சர்ச் கதவு வழியாக அவள் முதுகை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கூச்சத்தால் திரும்பி நிற்கிறாள் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்தோம். இந்த முறை நான் எதையும் தொடவில்லை. அவள் தகட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"திறந்தா பாடுது. மூடினா பாடல. அப்ப வயர்ல ஒண்ணும் இல்லீங்க. மூடும்போதுதான் என்னமோ நடக்குது. உங்க மீட்டர்ல பீப் சத்தம் வருமே, அதை வைங்க."

கேபிளைக் கிடாரில் செருகி, அதன் மறுமுனையில் மீட்டரின் இரண்டு முனைகளையும் பிடித்தேன். இரண்டு வயர் ஒன்றோடொன்று தொட்டால் மீட்டர் கத்தும். அவள் தகட்டை அதன் இடத்தில் வைத்து, திருகுகளை ஒவ்வொன்றாக, மெதுவாக முடுக்கினாள். முதல் திருகு. இரண்டாவது. ஜாக்குக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாவதைப் பாதி முடுக்கியதும் மீட்டர் 'பீப்' என்று கத்தியது. கொஞ்சம் தளர்த்தினாள், நின்றது. முடுக்கினாள், கத்தியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

நான் போட்ட புது ஜாக்கில் வயரை ஒட்டும் உலோகக் கால் பழையதைவிட நீளம். தகட்டை அழுத்தி மூடும்போது அது, நான் ஒரு இண்டு விடாமல் ஒட்டிய செம்பு நாடாவில் போய்த் தொட்டது. கம்பிகள் பாடிய அத்தனையும் ஸ்பீக்கருக்கு வராமல் அங்கேயே எர்த்தாகிப் போய்விட்டது.

ஃபேக்டரியில் இப்படித் தொட்டால் ஃபியூஸ் போகும், புகை வரும், பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஷார்ட் என்றால் சத்தமாகத்தான் இருக்கும் என்று பதினாறு வருஷமாகப் பழகியவன் நான். இவ்வளவு சின்ன மின்சாரத்தில் அது சத்தமே போடாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறுந்திருக்கும் என்று ஒரு வாரம் தேடியிருக்கிறேன். உண்மையில் தொடக்கூடாத இடத்தில் தொட்டுக்கொண்டிருந்தது. நன்றாகச் செய்கிறேன் என்று நான் அதிகமாகச் செய்த வேலைதான் அதை ஊமையாக்கியது. அவளிடம், "என் தப்புதான்" என்று மட்டும் சொன்னேன்.

"ஜாக்கு கால மடக்கி விட்டா போதுங்க. செம்பு டேப்பு இருக்கட்டும்" என்றாள்.

ஜாக்கின் காலை மடக்கி, அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று ஒட்டினோம். மூடி, தந்தி மாட்டி, அவள் ஒரு தந்தியைத் தட்டினாள். ஸ்பீக்கரில் அது முழுதாக எழுந்து நின்றது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் எதையோ வாசித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாசித்து நான் முழுதாகக் கேட்டது அன்றுதான் முதல்முறை.

மறுநாள் சர்ச் வாசலில் பைக்கை நிறுத்தியதும், "உள்ள வர்றீங்களா?" என்றாள். "பின்னாடி சரியாக் கேக்குதான்னு ஒரு ஆள் இருந்து சொல்லோணும்."

செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் கொஞ்சம் தடுமாறினேன். கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெரியம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். முன்னால் பூசணியும் வாழைத்தாரும் இஞ்சி மூட்டையும் குவிந்திருந்தன. அவள் அன்றைக்கு ஜன்னலைப் பார்க்காமல் மக்களைப் பார்த்து நின்றாள். இரைச்சல் முழுதாகப் போகவில்லை, லேசாக இருந்தது. ஆனால் பாட்டு கேட்டது. பாட்டுப் புத்தகத்தைப் பெரியம்மா என் பக்கம் நீட்டினார், நான் வரிகளை வாயசைத்துக்கொண்டிருந்தேன்.

"கேட்டுச்சுங்களா?" என்று திரும்பி வரும்போது கேட்டாள்.

"நல்லாக் கேட்டுச்சு. உனக்கு எப்படி இருந்துச்சு?"

பைக் ஒரு வளைவு தாண்டியதும் சொன்னாள். "ஒண்ணு சொன்னா வருத்தப்படமாட்டீங்களே? அந்தப் புது வால்யூம் ரொம்ப இறுக்கமா இருக்குதுங்க. பழையதுன்னா வாசிச்சுக்கிட்டே சுண்டுவிரல்ல திருப்பிருவேன். இப்ப வாசிக்கறத நிறுத்திட்டுத் திருப்ப வேண்டியிருக்கு."

பழையதைத் தூக்கிப் போடவில்லை, திருகு டப்பாவில் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை அதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். சால்டரிங் அயனை அவள்தான் பிடித்தாள். ஈயம் உருண்டையாகத்தான் நின்றது. இரண்டு இடத்தில் எந்த வயர் என்று கேட்டாள், சொன்னேன். கேட்காத இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. அது அவ்வளவு சுலபமாக இல்லை.