கியோத்தோ கேற்

கியோத்தோ அரண்மனையின் மேற்குப் பக்கத்தில் ஹமகுரி என்றொரு வாசல் இருக்கிறது. ஹமகுரி என்றால் மட்டிச் சிப்பி. எப்போதும் மூடிக் கிடந்த அந்த வாசல் ஒரு பெருந்தீயின்போது திறந்ததாம். சூட்டில் வாய் திறக்கும் மட்டியைப் போல என்று ஊரார் வைத்த பெயர். எந்தத் தீ என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. சண்டையின் தேதியில் சந்தேகமில்லை: 1864 ஆகஸ்ட் 20. அரண்மனைக்குள் புக முயன்ற சோஷு என்ற பிரதேசத்தின் படையைக் காவலர்கள் இங்கேதான் மறித்தார்கள். நகரில் பெரும்பகுதி எரிந்தது. 1868இல் ஷோகன் எனும் படைத்தலைவர்களின் ஆட்சியே முடிந்துபோனது. தூண்களில் தோட்டாத் துளைகளை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இந்த வசந்தத்தில் அங்கே போன என் மகள், ஓடு வேய்ந்த அந்த வாசல் முழுதும் தெரிய ஒரு துளைக்குள் விரலை வைத்துச் சிரிக்கும் படத்தை அனுப்பினாள். புலம்பெயர்ந்து நான் வாழும் லாசாலில் பேருந்துக்கு நின்றபடி பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு வாசலில், கேற்றுத் தூணிலும் இரண்டு தோட்டாத் துளைகள். போர்க்காலத்தில் சூடு நடந்த அன்று அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றதால்தான் அம்மா உயிர் தப்பினார்.

அந்த வீட்டில் இருக்கும் என் அண்ணை தன் மகனின் கலியாணத்துக்காக வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். தூணையும் பூசிவிடுவாரோ என்ற பயத்தில், மகளின் படத்திலிருந்த மூன்று துளைகளைச் சிவப்பால் வட்டமிட்டு அனுப்பினேன். கூடவே குரல்பதிவு: "அண்ணை, அவங்கள் எப்பிடி விட்டு வச்சிருக்கிறாங்கள் பாருங்கோ. எங்கட தூணிலயும் கை வைக்காதேங்கோ."

வெளிநாட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் படம் போனால் அதற்கு ஒரே பொருள்தான்: இதைப் போலக் கட்டு. குளியலறை, மாடிப்படிக் கைபிடி எல்லாம் அப்படி வந்தவை. அனுப்பும்போது எனக்கு அது உறைக்கவில்லை.

மகள் திரும்பி வந்தபின் ஒரு ஞாயிறு காலை அண்ணை வீடியோவில் வந்தார்.

"தம்பி, உன்ர ஜப்பான் கேற் எப்பிடி?"

ஓடு வேய்ந்த புது வாசல்.

"பழைய தூண் எங்கை அண்ணை?"

"அதை இடிச்சு அத்திவாரத்துக்குள்ள போட்டாச்சு."

"நான் கதைச்சு அனுப்பினதைக் கேக்கேல்லையோ?"

"படம் வந்தால் பிறகென்ன கதை? காட்டினன், வீடு கட்டிற மேசனுக்கு விளங்கீட்டுது."

மகள் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். அண்ணை போனைப் புதுத் தூணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"நீ வட்டம் போட்டதையும் விடேல்லையடா. ஈரம் காயமுன்னம் மேசன் கம்பியால குத்தினவன். அச்சு அசல்!"

புதுச் சீமெந்தில் மூன்று துளைகள், கியோத்தோவில் இருந்த அதே இடங்களில். அண்ணை ஒன்றுக்குள் விரலை வைத்து, என் மகளைப் போலவே சிரித்தார்.