வெள்ளைச்சியின் குரல்

வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் சாப்பிட இறங்கினேன். ஹோட்டல் பின்கட்டிலிருந்து வாத்துச் சிறகு பொசுங்கும் வாடை. எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்த்த மண்மேல்தான் இந்த ஹோட்டலே நிற்கிறது. மழை ஓய்ந்த மாதங்களில் அந்தக் குளத்துக்குக் காட்டு வாத்துகள், நாங்கள் சிறகி என்போம், கூட்டமாக வரும். அவற்றை வலைப் பக்கம் இழுக்க அப்பா வீட்டு வாத்து ஒன்றைக் காலில் கயிறு கட்டித் தண்ணீரில் விடுவார், கொழுத்ததும் அழகானதும் அவருக்கு வேண்டாம், தனியாக விட்டால் ஓயாமல் கத்துகிறதுதான் வேண்டும், அப்படிக் கத்துவது என் கையில் தவிடு தின்று என் பின்னாலேயே திரிந்த வெள்ளைச்சி ஒன்றுதான்.

“நீ கரைக்கு அந்தப் பக்கம் போய் உக்காரும்மா. உன்னப் பாத்தா அது கத்தாது” என்பார் அப்பா.

ஈரக் கோரைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தொண்டை கம்முகிறவரை அது என்னைக் கூப்பிடும், நான் போகமாட்டேன். அந்தக் குரலை நம்பிச் சிறகிகள் இறங்கும், வலை விழும்.

முதல் நாள் அழுதேன் என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைய குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றதையும், மறுவாரம் அப்பா சொல்லாமலே நானாகப் போய்க் கரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதையும் சொன்னதில்லை.