சண்டை முடிந்தால் வரும் தைலம்

மெட்ராஸில் எங்கள் மருத்துவப் பள்ளி ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்கள் முழுவதும் விளம்பரங்கள். மூக்குக் கண்ணாடிக் கடை, வெள்ளைக் கோட்டு தைக்கும் தையற்காரர், ஸ்டெதஸ்கோப் விற்கும் கம்பெனி, பள்ளி வாசலுக்கு எதிரே இருந்த காபி ஹோட்டல், பேதி மருந்து. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கட்டம். மாணவர்களே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்தவை. அவற்றுக்கு முன்னால் சில பக்கங்கள் நகைச்சுவைக்கென்று ஒதுக்கியிருக்கும். பேராசிரியர்களின் கேலிச் சித்திரங்களும், தேர்வில் யாரோ எழுதிய அசட்டு விடைகளும் அதில் வரும்.

உலக யுத்தம் நடந்த சமயம் நான் இரண்டாம் வருடம் படித்தபோது வந்த மலரில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் பேதி மருந்துக்கும் நடுவில் இன்னொரு விளம்பரம் இருந்தது. அதே மாதிரிக் கட்டம், உள்ளே ஒரு புட்டியின் படம். ஞாபகத் தைலம் என்று பெயர். அப்படி ஒரு தைலம் உலகத்தில் எங்கும் இல்லை. அதை எழுதியவள் நான்.

மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசை தப்பாமல் ஒப்பிக்க முடியாமல் வகுப்பில் நின்ற அன்று அதை எழுதினேன். "படுக்கும் முன் உச்சந்தலையில் மூன்று துளி. விடிவதற்குள் பன்னிரண்டு நரம்பும் வரிசையில் வந்து நிற்கும்." கீழே, உபயோகித்துக் குணமடைந்த மாணவி ஒருத்தியின் நற்சான்று: "எனக்கு என் பெயரே மறந்துபோயிருந்தது. ஒரு புட்டி தடவினேன். இப்போது என் பெயர் மட்டுமல்ல, பேராசிரியர் போன வருடம் சொன்ன சிரிப்புக் கதைகள்கூட நினைவிருக்கின்றன. இந்த வருடமும் அவர் அவற்றையேதான் சொல்கிறார்." எல்லாம் ஆங்கிலத்தில். இன்றைக்குப் படித்தாலும் அது நன்றாக எழுதியதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

மலர் ஆசிரியராக இருந்த மூத்த மாணவர்தான் அதை நகைச்சுவைப் பக்கத்தில் போடாமல் உண்மையான விளம்பரங்களுக்கு நடுவே வைத்தார். படிப்பவர்கள் ஒரு நிமிடம் ஏமாற வேண்டும் என்பது அவருடைய யோசனை. கீழே என் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருந்தன. அன்று மாலை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெண் எழுந்து நின்று அதை உரக்கப் படித்தாள். அவளுடைய தகப்பனார் வக்கீல். அதற்கு முன் அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நான் தர்மபுரிப் பக்கம் இண்டூர் என்ற கிராமத்திலிருந்து போனவள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் அந்தக் கூடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.

விடுமுறைக்கு மலரை ஊருக்கு எடுத்துப் போனேன். அம்மா தெருவில் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டாள். மத்தியான வேளை. வாசலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காசநோயைப் பற்றிய கட்டுரையைத் தமிழில் சொல்லத் தொடங்கியதும் அவர்களுக்குக் கொட்டாவி வந்தது. விளம்பரங்களுக்கு வந்தபோது நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"இந்தக் கண்ணாடி போட்டா ஊசில நூலு கோக்கலாமா பாப்பா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாள்.

"கோக்கலாங்க அத்தை."

"காப்பி ஓட்டலுக்கு எதுக்கு ஆசுபத்திரி புஸ்தகம்? அங்க குடிச்சா நேரா ஆசுபத்திரிதானா?" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டில் நான் என் பக்கத்தைப் புரட்டினேன். "இது நானே எழுதினது" என்று சொல்லிவிட்டுத் தைலத்தைப் பற்றி வரிவரியாகத் தமிழில் சொன்னேன். பேராசிரியரின் சிரிப்புக் கதைகள் இருந்த வரி தமிழில் நன்றாக வரவில்லை, விட்டுவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம பொண்ணே எழுதியிருக்குதா" என்றாள் அத்தை, மெதுவாக.

கதவோரம் நின்றிருந்த அண்ணன் கேட்டான். "பேரு மறந்தவளுக்கு பேரு நெனப்பு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுண்ணா" என்றேன்.

அது விளையாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர்கள் பார்த்த பார்வையில் அவ்வளவு மரியாதை இருந்தது. வக்கீல் மகளின் சிரிப்பைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. புத்தகத்தை மூடினேன்.

அண்ணி அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முந்தின வருடம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த ஐந்தாம் நாள் வந்த காய்ச்சல் அவளைக் கொல்லவில்லை, நினைவைக் கொண்டுபோய்விட்டது. மாவு ஆட்டுவாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். ஆனால் கிணற்றுக்குப் போனால் திரும்பும் வழி தெரியாது, யார் வீட்டு வாசலிலாவது குடத்தோடு நிற்பாள். தன் குழந்தையைப் பார்த்து "இது யாரு வூட்டுப் புள்ள?" என்பாள். சில நாள் தன் பெயரையே தேடுவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், அவளுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து அந்த நற்சான்றைப் படித்தபோது எனக்கு அவள் ஞாபகம் வரவில்லை.

விடுமுறை முடிந்து மொரப்பூரில் ரயிலேறுவதற்காக அண்ணனோடு வண்டியில் போனேன். பக்கத்து வீட்டு மாமாவும் கூட வந்தார். பாதி வழியில் அண்ணன் மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான். மலரிலிருந்து கிழித்த பக்கம். என் புத்தகத்தைக் கிழித்துவிட்டானே என்றுதான் எனக்கு முதலில் கோபம் வந்தது.

"தர்மபுரில பாய் கடைல காட்டுனேன் பாப்பா. இங்கிலீசு மருந்தெல்லாம் அவருகிட்டதான் இருக்குது. ரொம்ப நேரம் பாத்தாரு. இந்தச் சரக்கு நம்மகிட்ட வராதுங்க, மெட்ராஸ்லதான் கெடைக்கும்னுட்டாரு. நீ ஒரு புட்டி வாங்கி அனுப்பறியா? உங்க அண்ணிக்கு."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் என்னிடம் ஊசியில் நூல் கோப்பதைப் பற்றிக் கேட்டவள். நான் ஊரைக் கூட்டி உட்கார வைத்துப் பொய் படித்தேன் என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வது?

"இப்ப கெடைக்காதுண்ணா. அது சீமையிலேருந்து கப்பல்ல வரணும். சண்டைனால கப்பலே வரதில்ல. சண்டை முடிஞ்சாத்தான்."

அண்ணன் அதை உடனே நம்பினான். எங்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையே சண்டைக்கென்று பெயர்த்துக் கொண்டுபோயிருந்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் வரிசையில் நின்றோம். எதைக் கேட்டாலும் சண்டை என்ற பதில்தான் வந்தது. அவன் தாளை மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது என் பொய் அங்கே என்னைவிட நன்றாக வாழ்ந்துகொண்டிருந்தது. அம்மா என்னை மாட்டுக் கொட்டகைக்குத் தனியாகக் கூட்டிப்போனாள்.

"மாரண்டள்ளி மாமன் மவள உங்கண்ணனுக்கு ரெண்டாந்தாரமாக் கேட்டுட்டேன். அவங்களுக்கும் சம்மதம். இவன்தான் பிடிகுடுக்க மாட்டேங்கறான். சண்டை முடியட்டும், தங்கச்சி தைலம் வாங்கிட்டு வரும், இவளுக்கு சரியாயிடும்னு ஒரே பேச்சு. நீ அப்பிடி சொன்னியா?"

"சொன்னேம்மா."

"நெசமா அப்பிடி ஒண்ணு இருக்குதா? எனக்கு அவமேல என்ன வெறுப்பு? எனக்கப்புறம் இந்த வூட்ட யாரு பாக்கறது, அந்தக் கொழந்தைய யாரு பாக்கறது? அதான் கேக்கறேன்."

இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மாதமே மாமன் மகள் வீட்டுக்கு வந்திருப்பாள். அண்ணி ஒரு மூலைக்குப் போயிருப்பாள், அல்லது அவளுடைய அப்பன் வீட்டுக்கு. அண்ணியைக் காப்பாற்றத்தான் "தைலம் இருக்கிறது" என்று சொன்னேன் என்று இங்கே எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். அது உண்மையில்லை. படித்த பெண் பொய் சொன்னாள் என்று அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

"இருக்குதும்மா" என்றேன்.

அம்மா சாணிக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள். அண்ணன் கிணற்றுக்குப் போகும் வழி நெடுக வேலியில் சிவப்புத் துணிக் கிழிசல்களைக் கட்டியிருந்தான், அண்ணி அவற்றைப் பார்த்துக்கொண்டே திரும்பி வரட்டும் என்று. அண்ணிக்கும் தைலத்தைப் பற்றித் தெரிந்திருந்தது. சொன்னது எதுவும் அவளிடம் தங்காது, அது மட்டும் எப்படியோ தங்கியிருந்தது. காலையில் எழுந்ததும் என்னிடம் வந்து, "சண்டை முடிஞ்சிடுச்சாங்க?" என்று கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். அடுப்படிக்குப் போய்விட்டு வந்து மறுபடி கேட்பாள். ஒரே நாளில் ஆறு ஏழு முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் முதல் தடவையாகக் கேட்பதைப் போன்ற முகம்.

அவளை மெட்ராஸுக்கு அழைத்துப்போய்ப் பெரிய டாக்டர்களிடம் காட்டியிருக்கலாம். நான் காட்டவில்லை. விடுதிப் பெண்கள் அவளைப் பார்ப்பார்களே என்று இருந்தது. ஒரு நாள் பேராசிரியரிடம் மட்டும், "எனக்குத் தெரிந்த கிராமத்து நோயாளி ஒருத்தி" என்று சொல்லிக் கேட்டேன். காய்ச்சல் அழித்தது திரும்பி வராது, பழகிய இடத்தில் பழகிய வேலையைச் செய்யவிட்டால் போதும் என்றார். அதை நான் ஊருக்குச் சொல்லவில்லை. தைலம் வருகிறது என்றல்லவா சொல்லியிருந்தேன்?

நான் படிப்பை முடிக்கும் தறுவாயில் சண்டை முடிந்தது. பள்ளியில் இனிப்புக் கொடுத்தார்கள். என் பங்கைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். பத்து நாள்கூட ஆகவில்லை, விடுதியில் என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பார்வையாளர் அறையில் அண்ணன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு காலிப் புட்டி, வாயில் தக்கையோடு. வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"சண்டை முடிஞ்சிடுச்சாமே பாப்பா. கப்பல் வந்துடுச்சா?"

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தைலம் இல்லை, கம்பெனி இல்லை, நரம்புப் பெயர்கள் மனப்பாடமாகாத கோபத்தில் எழுதியது, எல்லோரும் சிரிப்பதற்காக.

"சிரிக்கறதுக்கா?"

"ஆமாண்ணா."

மடியிலிருந்து தாளை எடுத்தான். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் சோற்றுக் கஞ்சி தடவி ஒட்டியிருந்தது.

"படி. எந்த எடத்துல சிரிக்கணும்னு சொல்லு."

அவன் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் படித்தேன். நரம்புகள் வரிசையில் வந்து நிற்கும் என்ற இடத்தில், "இங்க" என்றேன். தலையை ஆட்டினான். எனக்கு என் பெயரே மறந்துபோயிருந்தது என்ற வரி வந்தபோது நிறுத்திவிட்டேன்.

"இங்கயுமா?"

தாளை மடித்து அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஊருக்கே இங்கிலீசு தெரிஞ்சவ நீ ஒருத்தி. நீ சொன்னத நாங்க யாருகிட்ட போயி சரிபாக்கறது?"

அவன் என்னை அடித்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் அண்ணன்மார் அடிப்பதுண்டு. அவன் நாற்காலியில் உட்கார்ந்து புட்டியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு கேட்டான். "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. கம்பெனி குண்டு விழுந்து எரிஞ்சுபோச்சு, திரும்பக் கட்டறாங்கன்னு சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா. நீ டாக்டரு, நீ சொல்லு. கட்டறதுக்கு எத்தன வருசம் ஆவும்?"

"அஞ்சு வருசம்னு சொல்லலாம்."

"அஞ்சு போதும். மாமன் அது வரைக்கும் பொண்ண வூட்டுல வச்சிருக்க மாட்டாரு."

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். அவன் அதைத் திருப்பி என்னிடமே கொடுத்துவிட்டு, ராத்தங்கச் சொன்னதையும் கேளாமல் அடுத்த ரயிலுக்குப் போய்விட்டான்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். இந்த முறை என் பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தது. அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமன் மகளை அடுத்த தை மாதம் வேறிடத்தில் கொடுத்துவிட்டார்கள். நான் இப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பெண்கள் பகுதியில் வேலை பார்க்கிறேன். நோயாளிகள் நான் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். மருந்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் நாக்குத் தடுக்கிறது.

அந்த ஐந்து வருடம் இன்னும் முடியவில்லை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன், அதுவும் எனக்குப் பெருமையான காரியமில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணி கரும்பு துண்டுபோட்டுக்கொண்டிருந்தாள், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டிப் பொங்கல் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தக் கம்பெனிச் சொவரு எந்த மட்டும் எழும்பியிருக்குதாம்?"

அண்ணன் தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"சன்னல் மட்டம் வந்துடுச்சாம், அம்மா" என்றேன்.