கீழ்வீட்டுச் சத்தம்

அந்த வெள்ளிக்கிழமைச் சத்தம் வழக்கமானதல்ல என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் பாடினேன்.

ஒக்கலிபுரத்தில் எங்களுக்கு மாடி வீடு. கீழே ஒரு பெரியவர் தனியாக இருந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகள் மைசூரில். மாலையில் குடும்ப ஜெபத்துக்கு நாங்கள் பாட்டை எடுத்ததும் ஒட்டடைக் கம்பால் தன் வீட்டு சீலிங்கை இடிப்பார். எங்கள் தரை அதிரும். "ஏம்மா, உங்க சாமிக்குக் காது கேக்காதா? போதும், நில்ஸி, நிறுத்து!" என்று ஜன்னல் வழியே கத்துவார். தமிழர்தான், ஆனால் கோபம் வந்தால் கன்னடமும் சேர்ந்து வரும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கணவர்தான் அடக்கி வைத்திருந்தார். "நீ ஒண்ணும் பேசாத. அவருக்காக ஜெபம் பண்ணு" என்பார். பண்ணினேன். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் செய்து கொடுத்தேன். தட்டு அப்படியே படிக்கட்டுக்கு வந்துவிட்டது, எறும்பு மொய்த்து. மறுநாள் எதிரே பார்த்தபோது சிரித்துக்கொண்டே "ஸ்தோத்திரம் அங்கிள்" என்றேன். அவருக்கு முகம் சிவந்தது. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பொறுத்தது பூமியை ஆள்வதற்கல்ல, அவரை எரிச்சல்படுத்த.

வெள்ளிக்கிழமைகளில் சபைப் பெண்கள் சிலர் எங்கள் வீட்டில் ஜெபத்துக்குக் கூடுவார்கள். அன்று மழைக்கு முன்னால் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு இலை அசையவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் தரை அதிரும் என்று காத்திருந்தேன். அதிரவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரோரம், வெகு தாழ்வாக, 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று.

"என்னமோ மாதிரி இருக்குக்கா. போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

ஜெபத்தை நடத்திய அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "பாத்தியா, அடி எப்படித் தளந்துபோச்சு! அவரைப் பிடிச்சிருந்த கட்டு அவிழுது. இப்ப விடக் கூடாது. இன்னும் சத்தமா பாடு."

தடை தளரும்போது குரலை உயர்த்துவதுதான் எங்கள் வழக்கம். உயர்த்தினோம். கைகளைத் தட்டினோம். பாட்டு முடிந்தபோது கீழே எந்தச் சத்தமும் இல்லை. அக்கா கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார்.

மறுநாள் காலையில் கீழ்வீட்டுப் பெரியவர் வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. பட்டப்பகலில் உள்ளே விளக்கு எரிந்தது. பெல் அடிக்கக் கை போனது. மனம் மாறிய மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே இருக்கிறார், தொந்தரவு செய்யாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விலகிவிட்டேன். சாயங்காலம் பாடினோம். தரை சும்மா இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தேன். மைக்கைப் பிடித்து, "எங்களைத் திட்டினவருக்கு நாங்க நன்மைதான் செஞ்சோம். கர்த்தர் அவர் வாயை அடைச்சார்" என்றேன். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது.

திரும்பி வந்தபோது அவர் வாசலில் இரண்டு பால் பாக்கெட். ஒன்றைப் பூனை கிழித்திருந்தது. ஜன்னல் பக்கமிருந்து ஒரு வாடை வந்தது. அது பால் வாடை இல்லை. கணவர் முகம் மாறிவிட்டது. கதவை உதைத்துத் திறந்தார்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அவர் விழுந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். உயிர் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மருந்து வாங்க மகள் வெளியே போயிருந்தாள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கூப்பிட்டேம்மா. குரல் எழும்பல. டம்ளரால தட்டினேன். நீங்க இன்னும் சத்தமா பாடினீங்க."

கோபமில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அதற்குத்தான் இத்தனை நாள் பழகியிருந்தேன். மன்னிப்புக் கேட்காமல் கஞ்சியை ஆற்றத் தொடங்கினேன்.

மகள் திரும்பி வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா அப்பா இல்லக்கா. உங்களை எவ்வளவு திட்டியிருப்பாரு! மனசுல வச்சுக்காதீங்க." பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "வெள்ளிக்கிழமையே விழுந்திருக்காரு. மேல உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையாக்கா?" என்றாள்.

அவள் கண்ணில் சந்தேகம் இல்லை, வெறும் கேள்விதான். கட்டிலில் அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். அன்று முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"என்ன கேள்வி இது?" என்றார் மகளிடம். "கேட்டிருந்தா வந்திருக்க மாட்டாங்களா?"