பிடிக்கலம்மா

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பழுப்பு’. கட்டியிலிருந்து சீவிய திசுவைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, அதன்மேல் ஆன்டிபாடி விடுவது வேலை. தேடும் புரதம் இருந்தால் ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு விடும் சாயம் அங்கே மட்டும் பழுப்பாகும், மற்ற இடமெல்லாம் நீலம். “சாயம் பிடிச்சிருக்கா?” என்பார் மருத்துவர். “பிடிச்சிருக்கு”, “பிடிக்கல”. இந்த இரண்டு பதிலிலேயே அவர் காலம் ஓடியது.

ஒருநாள் வந்த திசுக்களில் ஒன்று தங்கையுடையது. மார்பில் வந்தது புற்றுநோய்தான் என்று முன்பே தெரியும். இப்போது தேடும் புரதம் மிகுந்திருந்தால் நோய் வேகமாக வளரும். ஆனால் அதையே குறிபார்க்கும் மருந்து உண்டு. இல்லாவிட்டால் அந்த மருந்தால் பயனில்லை. எதை வேண்டிக்கொள்வது? இருக்கட்டும் என்று நினைத்தார். சே, நானெல்லாம் ஒரு அண்ணனா என்று மாற்றிக்கொண்டார். கை அது பாட்டுக்குத் துளி விட்டுக்கொண்டு போனது.

மாலையில் எல்லாச் சில்லும் வெறும் நீலம். புரதம் உள்ளதென்று தெரிந்தே கூட வைக்கும் சோதனைச் சில்லும் நீலம். அப்படியென்றால் அன்றைய வேலை செல்லாது. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா, விடவே இல்லையா? பார்க்க அது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நினைவைத் துழாவினார், தங்கையின் முகம்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து அவளே கூப்பிட்டாள்.

“என்னண்ணே ஆச்சு?”

“பிடிக்கலம்மா.”

அந்தப் பக்கம் அழுகை. போன் அவள் கணவரிடம் கை மாறியது.

“மச்சான், உங்க வாய்க்குச் சக்கரை போடணும். நோய் பிடிக்கலையாமே, அப்போ முதல் ரிப்போர்ட்டே தப்பு. எங்கம்மாவுக்குச் சொல்லிடறேன்.”

“இல்ல மாப்பிள்ளை, சாயம் வந்து…”

“சாயமெல்லாம் நீங்க பாத்துக்குங்க.”

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

மறுநாள் புதுப் புட்டி. விட்ட ஒவ்வொரு துளியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். சோதனைச் சில்லு பழுப்பானது. தங்கையுடையதில் செல்களைச் சுற்றிப் பழுப்பு வளையம், பேனாவால் வரைந்தாற்போல.

“அருமையா பிடிச்சிருக்கு” என்றார் மருத்துவர், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மருந்து கேட்கும்.”

பழுப்புக்குச் சந்தோஷம் வந்தது. வரலாமா என்று தெரியவில்லை.

வேலை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் ஆபீஸ் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சிகிச்சைக்குப் போட்ட லீவை ரத்து செய்துவிட்டாளாம். முதலிலிருந்து விளக்கினார்.

“நேத்து இல்லாதது இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?”

“நேத்தும் இருந்துச்சு. என் கண்ணுக்குத்தான் தெரியல.”

“நல்லதா, கெட்டதா? ஏதாவது ஒண்ணு சொல்லு.”

“ரெண்டும்தாம்மா. மருந்து இருக்கு.”

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பாதியில் நின்ற சட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியைப் போட்டாள்.

“அப்போ நாளைக்கு ஆபீஸ் போகவா, வேணாமா?”