யார் சோறாக்கியது என்று கேட்ட கடிதம்

சிலமலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது ஜமீலா டீச்சரின் தம்பி போன் செய்தார். "சார், அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வெரசா வந்துருங்க." போடிக்குப் பஸ் பிடித்துப் போய், பள்ளிவாசலுக்கு வெளியே எங்கள் பள்ளி ஆசிரியர்களோடு நின்றேன். ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அதில் கால்வாசியைக்கூட ஒருவரும் சொன்னதில்லை. நானும்தான்.

அவருடைய வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடை, எங்கள் பள்ளியில் படித்த உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் தாங்களே எடுத்துப் படித்த புத்தகத்தைப் பற்றி நோட்டில் அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் பதில் எழுதுவார். "கதையைச் சொல்லாத, நீதியும் சொல்லாத. படிக்கிறப்ப எந்த இடத்துல நின்னு யோசிச்ச, அதைச் சொல்லு" என்பார். பிழை திருத்த மாட்டார். மற்ற ஆசிரியர்களான நாங்கள் அதை வேலையற்ற வேலை என்றோம்.

போடிமெட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்திலிருந்து வரும் செல்வி அப்போது எட்டாம் வகுப்பு. ஒரு ராஜா கதையைப் படித்துவிட்டு எழுதியிருந்தாள்: "இதுல எல்லாரும் சாப்புடுறாங்க. யாருமே சோறாக்கலை. அப்ப யாரு ஆக்குனது டீச்சர்?" ஆசிரியர் அறையில் அதை உரக்கப் படித்துச் சிரிப்பு மூட்டியது நான். டீச்சர் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி, "இதை நாலு தடவை படிச்சிருக்கேன், எனக்கு இது தோணலையே. நீ என்ன நினைக்கிற?" என்று பதில் எழுதினார்.

அந்த ஆண்டு ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. டீச்சர் விடுப்பில் இருந்தார். நூலகப் பொறுப்பு என்னுடையது, கடித நோட்டுகளும் அங்கேதான் இருந்தன. எங்கள் வீட்டில் ஏலக்காய் வியாபாரம். எதைப் பார்த்தாலும் தரம் பிரிக்கிற புத்தி எனக்கு. கையெழுத்து நன்றாயிருந்த நோட்டுகளை மேலே வைத்தேன், மற்றவற்றை ஒளித்தேன். மேலே வைத்தவற்றிலும் பிழை மலிந்திருந்ததால் கடிதப் பக்கங்களைக் கிழித்தேன். பிறகு ஒரு கதைச் சுருக்கத்தையும் நீதியையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் அதைப் பார்த்து நோட்டில் எழுதவைத்தேன். அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்த டீச்சர் கிழிந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

"சார், பிள்ளைக என்ன ஏலக்காயா, சல்லடை போட்டுச் சலிக்க?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் கடிதம் எழுதச் சொன்னார். எல்லா நோட்டிலும் 'இக்கதையின் நீதி' வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எது வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே நாளில் தெரிந்துகொண்டுவிட்டார்கள். பணி ஓய்வு பெறும்வரை அவர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். யாரும் பழையபடி எழுதவில்லை. பிறகு அவர் படுக்கையில் விழுந்தார். மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும் என்று பல முறை நினைத்தேன். போடியில் என் வீட்டுக்கு அடுத்த தெருதான், நான் போகவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம். ஐந்து மாணவர்கள் அஞ்சலி வாசித்தார்கள். 'அறிவொளி ஏற்றிய தீபம்' என்று ஐந்திலும் இருந்தது. செல்வி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, அவளும் அதையே வாசித்தாள். கூட்டம் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். "ஏத்தா, டீச்சரைப் பத்தி ஒனக்குத் தோணுனதைச் சொல்லியிருக்கலாமே?"

அவள் பயந்துபோனாள். "தப்பா சார்? எப்படி எழுதணும்னு போர்டுல எழுதிப் போடுங்க சார், அப்படியே எழுதித் தர்றேன்" என்றாள்.

ஜமீலா டீச்சர் போன பிறகு என்னிடம் இருப்பது இந்தப் பதில்தான். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.