அப்பாவின் சுகரும் ஒரு டிக்கும்

இப்போது இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லி ஃபோனில் யார் யாரோ கூப்பிடுகிறார்கள். இந்தி பேசும் பெண், இங்கிலீஷ் பேசும் பையன், சில நாள் மனிதரே இல்லாத வெறும் குரல். எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ்காரர் என்றால் அவருக்கு ஆப்பமும் இறைச்சிக்கறியும் உண்டு. கொட்டாரம் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்களோடு பேசிக்கொண்டே நடந்து வந்துவிடுவார். எங்கள் சபைக்காரர். நான் மாமா என்று கூப்பிட்டாலும் சொந்தம் ஒன்றும் கிடையாது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் பேரில் அப்பா போட்ட பாலிசி, என் கல்யாண நேரத்தில் முதிர்ந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதும் செக் வரவில்லை. மாமா ஒரு பகல் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தே இருந்து கையெழுத்து வாங்கினார். மழையில் நனையாமல் செக்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து மாமா எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அப்பா படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

அப்பா பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மை என்றால் சாதாரண நேர்மை இல்லை, கூட இருப்பவர்களுக்குத் தலைவலி தரும் நேர்மை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் தர மறந்தால் இவரே முன்னால் போய்க் கேட்டு வாங்குவார். கூட்டத்தில் எல்லோர் காலையும் மிதித்துக்கொண்டு அவர் போவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

அவருக்குப் பத்து வருஷமாகச் சுகர் இருந்தது. ஒரு தடவை ரத்தம் பரிசோதித்தபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மாத்திரையை நிறுத்தினார். அறுப்பின் பண்டிகை அன்று, காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைக்குலையும் ஏலம் போவதற்கு முன்னால், சபை நடுவில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். கர்த்தர் தன் சுகரை எடுத்துப்போட்டார் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"கர்த்தர் சொகமாக்குனாரு, சரி. மூணு மாசமா நான் சோத்த அளந்து போட்டேன்லா, அத ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போவும்?"

அந்த மாதமே மாமா மெடிக்ளைம் ஃபாரத்தோடு வந்தார். ஒவ்வொரு கேள்வியாக வாசித்து டிக் போட்டுக்கொண்டே வந்தவர், சர்க்கரை நோய் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"அண்ணே, இங்க என்ன போட?"

"இல்லண்ணு போடு."

"இதுவர மாத்திர தின்னுட்டு இருந்தீங்கல்லா? முன்ன இருந்துச்சுண்ணு போட்டா என்ன?"

"எடுத்துப்போட்டாருண்ணு முந்நூறு பேருக்கு முன்ன சொல்லிட்டு இங்க உண்டுண்ணு எழுதவா? அப்போ நான் சபையில சொன்னது பொய்யா தம்பி?"

மாமா என்ன செய்வார், பாவம். அன்றைக்குச் சபையில் அல்லேலூயா சொன்னவர்களில் அவர் குரல்தான் உரக்கக் கேட்டது. 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டுவிட்டார். பக்கத்தில்தான் நானும் இருந்தேன். பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தும் டீச்சர் நான். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷமே சுகர் திரும்பி வந்தது. அம்மா ஏசி ஏசி மறுபடி மாத்திரையைத் தொடங்க வைத்தாள். ஃபாரத்தில் என்ன எழுதினோம் என்பது எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. வருஷா வருஷம் பிரீமியம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து நாகர்கோவிலுக்கு ஓடினோம். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர், சுகர் உண்டா என்று கேட்டார். "உண்டு டாக்டர், பதிமூணு வருஷமா" என்று நான்தான் ஒப்பித்தேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அப்பா பிழைத்தார்.

கம்பெனி பணம் தர மாட்டேன் என்றது. ஃபோன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வருவார், அப்பாவின் பிறந்த தேதியைக் கேட்பார், கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார். நடுவில் லைன் போகும். எனக்குக் கெட்ட வார்த்தை வாய்வரைக்கும் வந்திருக்கிறது. அம்மாவின் வளையல்களை அடகு வைத்து ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினோம். அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது. டாக்டர் குறிப்பில் சுகர் பதிமூன்று வருஷம், ஃபாரத்தில் 'இல்லை'; பாலிசிதாரர் முக்கியமான உண்மையை மறைத்ததால் கிளைம் நிராகரிக்கப்படுகிறது என்று இங்கிலீஷில் அடித்திருந்தார்கள்.

அதை அப்பா எத்தனை தடவை வாசித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த மாதம் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு அவர் வரிசை எழுந்து போனபோது அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சிலேயே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்னப்பா என்று கேட்டேன்.

"மறைச்சவன்ணு எழுதி ஒப்பும் போட்டு அனுப்பியிருக்கானுவ மக்ளே. அதையும் வாங்கி வச்சுக்கிட்டு கர்த்தரோட பாத்திரத்துல எப்பிடி வாய் வைக்க?"

அடுத்த மாதமும் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. சபையில் கேட்பவர்களுக்கு அம்மா ஏதேதோ சாக்குச் சொன்னாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்டென்ட் காப்பாற்றிய மனிதரை ஒரு காகிதம் கொண்டுபோய்விடும் போலிருந்தது. பணத்தை வாங்கிவிட்டால் அந்தக் கடிதம் பொய்யாகிவிடும் என்று நானே நினைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்தேன். விசாரணை வீடியோ காலில் என்று தகவல் வந்தது.

முந்தின நாள் மாமா வந்தார். ஆப்பம் வைத்தும் தொடவில்லை.

"அண்ணே, நாளைக்கி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏஜண்டு எங்கிட்ட கேக்கவே இல்ல, அவனே டிக் போட்டான்ணு சொல்லுங்க. பழி என் தலையோட போவும். லைசென்ஸ்தானே, போவட்டும். எனக்கும் வயசாச்சு."

அப்பா ஆப்பத் தட்டை மாமா பக்கம் நகர்த்தினார். நான் பேசினேன். மாமா சொல்வதுதான் சரி, அப்படியே சொல்லுங்கள் என்று ராத்திரி சாப்பாடு வரை அப்பாவை விடவில்லை. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஃபோனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்தோம். அப்பா ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். திரையில் விசாரிக்கும் அதிகாரி, நரைத்த தலையோடு ஒரு அம்மா; இன்னொரு கட்டத்தில் கம்பெனி சார்பில் ஒரு இளைஞர். மாமா அடுக்களை வாசலில் நின்றார். ஃபாரம் நிரப்பும்போது சர்க்கரை நோய் பற்றி ஏஜண்ட் உங்களிடம் கேட்டாரா என்று அந்த அம்மா கேட்டார். மேசைக்கடியில் நான் அப்பாவின் கையை அழுத்தினேன்.

"கேட்டாரும்மா. முன்ன இருந்துச்சுண்ணு போடவாண்ணும் கேட்டாரு. நாந்தான் இல்லண்ணு எழுதச் சொன்னேன்."

"மேடம், அவரே ஒத்துக்கிட்டார்" என்று இளைஞர் குறுக்கே வந்தார்.

"இருங்க, பெரியவர் பேசட்டும். ஏன் அப்படிச் சொன்னீங்க ஐயா?"

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். பரிசோதனை, பண்டிகை, சாட்சி, ஏலம் போன பூசணிக்காய் வரைக்கும். அந்த அம்மா ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அத்தனை மாதத்தில் எங்கள் பேச்சை முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஃபோன் நின்றதும் நான் கத்தினேன். "ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா அப்பா!"

"நான் செஞ்சத அவன் தலையில போடவா மக்ளே?" என்று கேட்டுவிட்டு அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. மனு தள்ளுபடி. "வளையலும் போச்சு, கேஸும் போச்சு" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு இடத்தில் விரல் நின்றது. அதை என்னிடம் நீட்டி, அம்மாவுக்கும் கேட்கும்படி தமிழில் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன்: மனுதாரர் எதையும் மறைக்காமல் நடந்ததை நடந்தபடியே கூறினார், அந்த வாக்குமூலத்தின் அடிப்படையில் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

"இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன்.

அந்த மாதம் முதல் ஞாயிறு, திருவிருந்துக்கு அவர் வரிசையில் முதல் ஆளாக எழுந்தது அப்பாதான். கேஸில் தோற்ற மனிதர் நடக்கிற நடையா அது! பெண்கள் பக்கம் இருந்த நான், எங்களைத் தோற்கடித்த அந்த அம்மாவுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் பொத்தி அழுதேன்.